ரெடிஸ் மெமரி எச்சரிக்கை: 90 சதவீதம் என்றால் எதில் 90?

ரெடிஸ் தன் தரவு முழுவதையும் ரேமில் வைத்திருக்கும் தரவுத்தளம். டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைக்கும்படி அமைக்கலாம். ஆனால் படிப்பதும் எழுதுவதும் ரேமில்தான். அதன் வேகத்துக்குக் காரணம் அது. ரேம் தீர்ந்தால் போக்கிடம் இல்லாமல் நிற்பதற்கும் அதுவே காரணம். 2024 மார்ச்சில் ரெடிஸின் உரிமம் மாறியபோது அதிலிருந்து பிரிந்த வால்கீயும் இதே வழியில் இயங்குவதால், கீழே வருவது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

'ரெடிஸ் மெமரி 90 சதவீதம்' என்று நடுராத்திரியில் செய்தி வந்ததும் பலரும் முதலில் செய்வது சர்வரின் ரேமை இரட்டிப்பாக்குவது. சில சமயம் அது சரியான முடிவுதான். பல சமயம் அடுத்த மாதம் அதே செய்தி மறுபடி வரும், இப்போது இரண்டு மடங்கு வாடகையோடு. அந்த 90 எதில் 90 என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மணலி யார்டுகளுக்கும் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் நடுவே ஓடும் 800 கன்டெய்னர் ட்ரெய்லர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜி.பி.எஸ். கருவி, 10 நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்புகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகம் அதை வாங்கி வரைபடத்தில் காட்டுகிறது. வண்டி கேட்டை நெருங்கும்போது ஏஜென்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. இதையெல்லாம் தாங்கும் ரெடிஸ் சர்வரில் 8 ஜி.பி. ரேம்.

கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறோம். இன்ஃபோ காட்டும் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். கான்ஃபிக் பெயர்களில் சிறுகோடு வரும். தட்டச்சு செய்யும்போது இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள்.

முதலில் பார்க்க வேண்டிய எண்கள்

ரெடிஸ் சி.எல்.ஐ.யில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவி) நுழைந்து 'இன்ஃபோ மெமரி' என்று கொடுங்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் வரும். தொடக்கத்தில் மூன்று போதும்.

யூஸ்டு மெமரி: உங்கள் தரவு, அதன் அட்டவணைகள், இணைப்புகளின் பஃபர்கள் (வந்துபோகும் தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) எல்லாவற்றுக்குமாக ரெடிஸ் கேட்டு வாங்கிய பைட்டுகள். யூஸ்டு மெமரி ஆர்.எஸ்.எஸ்.: லினக்ஸின் கணக்குப்படி அந்த ப்ராசஸ் உண்மையில் பிடித்து வைத்திருக்கும் ரேம். மேக்ஸ்மெமரி: இதற்கு மேல் போகாதே என்று நீங்கள் வைத்த வரம்பு.

எச்சரிக்கை முதல் எண்ணை மூன்றாவதால் வகுத்து வந்ததா, இரண்டாவதை மெஷினின் மொத்த ரேமால் வகுத்து வந்ததா என்று எச்சரிக்கை விதியைத் திறந்து பாருங்கள். முதல் வகை என்றால் நிறைவது நீங்கள் போட்ட வரம்பு. மெஷினில் இன்னும் இடம் இருக்கலாம். இரண்டாம் வகை என்றால் விவகாரம் பெரியது. ரேம் முற்றிலும் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னலே ரெடிஸைக் கொன்றுவிடும். அப்படி நடந்திருந்தால் ரெடிஸின் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது, 'டிமெசேஜ்' கட்டளையில்தான் தடயம் கிடைக்கும். மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரில் ஓடினால் அந்தப் பெட்டி, அதாவது டாக்கர் கன்டெய்னர், 137 என்ற எண்ணோடு நின்றிருக்கும்.

இங்கே புதியவர்களை அலைக்கழிக்கும் ஒரு விஷயம் உண்டு. 64 பிட் மெஷினில் மேக்ஸ்மெமரியின் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே கிடையாது. கண்காணிப்புக் கருவியான ப்ராமிதியஸில் யூஸ்டு மெமரியை மேக்ஸ்மெமரியால் வகுக்கும் விதி எழுதியிருந்தால், பூஜ்யத்தால் வகுத்து விடை முடிவிலியாகும். முடிவிலி எப்போதும் 90ஐ விடப் பெரியது. சர்வரில் பத்து எம்.பி. மட்டுமே இருந்தாலும் எச்சரிக்கை ஓயாது அடிக்கும். விதியில் 'மேக்ஸ்மெமரி பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையைச் சேருங்கள். அதோடு உண்மையிலேயே ஒரு வரம்பையும் வையுங்கள். வரம்பில்லாத ரெடிஸை உற்பத்திச் சர்வரில் விட்டுவைப்பது தவறு.

இது கேஷா, கிடங்கா?

ரெடிஸில் இருப்பது தொலைந்தால் வேறு இடத்திலிருந்து திரும்ப எடுக்க முடியுமா? முடியும் என்றால் அது கேஷ். முடியாது என்றால் கிடங்கு. நம் எடுத்துக்காட்டில் வரைபடத்துக்கான தற்காலிகத் தரவு கேஷ். அனுப்பக் காத்திருக்கும் எஸ்.எம்.எஸ். வரிசை கிடங்கு.

கேஷுக்கு 'மேக்ஸ்மெமரி-பாலிசி' என்ற அமைப்பை ஆல்கீஸ்-எல்.ஆர்.யூ. என்று வைப்பது வழக்கம். வரம்பை எட்டியதும் நெடுநேரம் தொடப்படாத கீகளை (பெயர் வைத்துச் சேமித்த தரவுகளை) ரெடிஸ் தானே தூக்கிப் போட்டு இடம் செய்துகொள்ளும். இப்படி அமைத்த கேஷ் நூறு சதவீதத்தில் நிற்பது நோயே அல்ல, அதன் இயல்பு நிலை. அதற்கு 90 சதவீத எச்சரிக்கை வைத்தவர் தன் தூக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார். அங்கே கவனிக்க வேண்டியவை 'இன்ஃபோ ஸ்டாட்ஸ்' காட்டும் எவிக்டட் கீஸ், கீஸ்பேஸ் ஹிட்ஸ், கீஸ்பேஸ் மிஸ்ஸஸ் ஆகியவை. வெளியேற்றும் வேகம் கூடிக்கொண்டே போய், தேடியது கிடைக்காமல் போவதும் கூடினால்தான் கேஷ் போதவில்லை என்று பொருள்.

இயல்பாக வரும் பாலிசி நோஎவிக்ஷன். வரம்பை எட்டியதும் ரெடிஸ் எதையும் அழிக்காது, 'ஓ.ஓ.எம். கமாண்ட் நாட் அலௌட்' என்று எழுதும் கட்டளைகளை மறுக்கும். படிப்பதும் அழிப்பதும் தொடர்ந்து நடக்கும். கிடங்குக்கு இதுதான் சரி. எழுத முடியாமல் பிழை வந்தால் நிரலில் அதைப் பிடித்துக் கையாளலாம். சத்தமில்லாமல் காணாமல் போன தரவை யாரும் பிடிக்க முடியாது.

வோலடைல் என்று தொடங்கும் பாலிசிகள் காலாவதி நேரம் வைத்த கீகளை மட்டுமே வெளியேற்றும். அப்படி ஒரு கீயும் இல்லாவிட்டால் அவை நோஎவிக்ஷன் போலவே நடந்துகொள்ளும்.

கேஷையும் வரிசையையும் ஒரே ரெடிஸில் போட்டுவிட்டு ஆல்கீஸ்-எல்.ஆர்.யூ. வைப்பது மிகவும் ஆபத்து. எஸ்.எம்.எஸ். வரிசை முழுவதும் ரெடிஸின் பார்வையில் ஒரே ஒரு கீ. அதை வெளியேற்ற முடிவு செய்தால் காத்திருந்த அத்தனை செய்தியும் ஒரே நொடியில் போய்விடும். டேட்டாபேஸ் 0, டேட்டாபேஸ் 1 என்று பிரித்து வைத்தாலும் பயனில்லை. வரம்பும் பாலிசியும் இரண்டுக்கும் பொது. 6379, 6380 என்று வெவ்வேறு போர்ட்டில் இரண்டு ரெடிஸ் ஓட்டுவதே சரியான பிரிவு. அதற்குச் செலவும் அதிகமில்லை, வெறும் ரெடிஸ் ஒன்று சில எம்.பி.தான் எடுக்கும்.

வரைபடத்தின் வடிவத்தைப் படியுங்கள்

கடந்த இரண்டு வாரத்தின் யூஸ்டு மெமரி கோட்டைத் திரையில் விரித்துப் பாருங்கள். பகலில் ஏறி இரவில் இறங்கினால் அது வேலைநாளின் மூச்சு, கவலையில்லை. இறங்காமல் நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒரு கீக்குக் காலாவதி வைக்க மறந்திருக்கிறார்கள், அல்லது ஒரு பட்டியலை யாரும் வெட்டவில்லை. திடீரென்று படிக்கட்டு போல ஒரு ஏற்றம் வந்தால் பெரிய கீ ஒன்று, அல்லது மெதுவான இணைப்பு ஒன்றின் பஃபர். யூஸ்டு மெமரி சமமாக இருக்க, மெஷினின் ரேம் மட்டும் குறித்த இடைவெளியில் துள்ளினால் டிஸ்க்குக்கு நகல் எடுக்கும் வேலை. இதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

நேர்கோடாக ஏறினால்

நாம் அதிகம் பார்ப்பது இந்த வகைதான், ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

800 வண்டி, 10 நொடிக்கு ஒரு புள்ளி. ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 8,640. மொத்தம் 69,12,000 புள்ளிகள். வண்டிக்கு ஒரு பட்டியல் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் எல்புஷ் கொண்டு அதில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். புள்ளிக்கு 60 பைட் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 415 எம்.பி. வரம்பு 4 ஜி.பி. என்றால் பத்து நாளில் நிரம்பிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் தனிக் கீயாக எழுதினால் இன்னும் மோசம்: ஒவ்வொரு கீயும் உள்ளடக்கத்துக்கு மேல் பல பத்து பைட்டுகளைத் தன் பராமரிப்புக்கென்று எடுத்துக்கொள்ளும். கீக்கு 150 பைட் என்று வைத்தால் ஒரு நாளைக்கே 1 ஜி.பி.

வரைபடத்துக்குத் தேவை வண்டியின் கடைசி இருப்பிடம் மட்டுமே. அது 800 கீ. மொத்தம் ஒரு எம்.பி.கூட ஆகாது. பழைய தடம் வேண்டுமென்றால் அதன் இடம் டிஸ்க்கில் உள்ள தரவுத்தளம். கடைசி நூறு புள்ளி மட்டும் வேண்டுமென்றால் ஒவ்வொரு எல்புஷுக்குப் பின்னும் எல்ட்ரிம் கொண்டு 0 முதல் 99 வரை வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். பட்டியலுக்குப் பதில் ஸ்ட்ரீம் என்ற தரவு வகையைப் பயன்படுத்தினால் எக்ஸ்ஆட் கட்டளையிலேயே மேக்ஸ்லென் கொடுக்கலாம்; எண்ணுக்கு முன் அலைக்குறி போட்டால் வரம்பை ஒட்டி வெட்டும், வேலைப் பளுவும் குறையும். கேட் முன்னால் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் ட்ரெய்லரும் 10 நொடிக்கு ஒருமுறை அதே இடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். நகர்ந்தால் மட்டும் எழுது என்ற ஒரு நிபந்தனை பெரும் சுமையைக் குறைக்கும்.

காலாவதி வைத்திருக்கிறோமே, ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்கள் 'இன்ஃபோ கீஸ்பேஸ்' பாருங்கள். கீஸ் 1,90,000, எக்ஸ்பயர்ஸ் 12,000 என்று காட்டினால் 1,78,000 கீகளுக்குக் காலாவதியே இல்லை. பெரும்பாலும் இரண்டு வழியில் அது தொலையும். ஒன்று, காலாவதி உள்ள கீயின் மேல் வெறும் செட் கட்டளையால் மறுபடி எழுதினால் பழைய காலாவதி அழிந்து அந்தக் கீ நிரந்தரமாகிவிடும். ஒவ்வொரு செட்டிலும் ஈ.எக்ஸ். என்று நொடிக் கணக்கைக் கொடுங்கள், அல்லது 6.0 பதிப்பிலிருந்து வந்த கீப்டி.டி.எல். சேருங்கள். இரண்டு, எண்ணிக்கைக்கான கீயை இன்க்ர் கொண்டு கூட்டிவிட்டு அடுத்த வரியில் எக்ஸ்பயர் கொடுப்பது. நடுவில் நிரல் விழுந்தால் காலாவதி இல்லாத கீ தங்கிவிடும். இரண்டையும் ஒரே மல்ட்டி-எக்ஸெக் பரிவர்த்தனைக்குள் அல்லது லுவா ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள்.

காலாவதியான கீகள் அந்த நொடியே மறைவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யாராவது கேட்கும்போது ஒன்று அழியும். மற்றவற்றை ரெடிஸ் நொடிக்குப் பத்து முறை சிறு மாதிரி எடுத்து அழிக்கும். எனவே ஒரு சிறு பங்கு எப்போதும் பாக்கி இருக்கும்.

பட்டியல் வளர்வதற்கு இன்னொரு காரணம், எடுக்கும் ஆள் நின்றுபோவது. எஸ்.எம்.எஸ். அனுப்பும் நிரல் விழுந்தால் போடுபவர் போட்டுக்கொண்டே இருப்பார். புயல் நாட்களில் இது வேறு உருவில் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நடந்ததுபோல் செல்பேசி இணைப்பு போய்விட்டால், பல ஜி.பி.எஸ். கருவிகள் புள்ளிகளைத் தமக்குள் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் மொத்தமாகக் கொட்டும். பல மணி நேரத்துத் தரவு சில நிமிடத்தில் வரிசையில் ஏறும். ஆகவே வரிசையின் நீளத்துக்கு, எல்லென் கட்டளை தரும் எண்ணுக்கு, தனியாக ஓர் எச்சரிக்கை வையுங்கள். மெமரி எச்சரிக்கைக்கு வெகு முன்பே அது கூப்பிடும்.

குற்றவாளிக் கீயைக் கண்டுபிடிப்பது

எல்லாக் கீகளையும் பட்டியலிடும் 'கீஸ் *' மட்டும் வேண்டாம். ரெடிஸ் கட்டளைகளை ஒவ்வொன்றாகத்தான் நிறைவேற்றும். லட்சக்கணக்கான கீ இருக்கும் சர்வரில் இதைக் கொடுத்தால் அது முடியும் வரை மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். ரெடிஸ் சி.எல்.ஐ.யில் 'மெம்கீஸ்' என்ற விருப்பம் ஸ்கேன் முறையில் துண்டு துண்டாக நடந்து, பைட் கணக்கில் பெரிய கீகளைக் காட்டும். 'பிக்கீஸ்' விருப்பமும் அப்படியே நடக்கும், ஆனால் பட்டியல்களை உறுப்பு எண்ணிக்கையால் அளக்கும். உறுப்புகள் பெரிதாக இருந்தால் ஏமாற்றும். இரண்டிலும் 'ஐ 0.1' சேர்த்தால் நடுநடுவே ஓய்வெடுத்து நடக்கும். ரெப்ளிக்கா (அதே தரவை வைத்திருக்கும் துணைச் சர்வர்) இருந்தால் அங்கே ஓட்டுங்கள்.

ஒரு கீயை மட்டும் அளக்க 'மெமரி யூசேஜ்' போதும். அது இயல்பாக 5 உறுப்பை மாதிரி பார்த்து மதிப்பிடும். 'சாம்பிள்ஸ் 0' கொடுத்தால் முழுதும் எண்ணும், நேரமும் எடுக்கும்.

ஆயிரம் பெரிய கீகளைவிட ஒரு கோடி சின்னக் கீகள் ஆபத்தானவை. மேலே சொன்ன கருவிகள் அவற்றைக் காட்டிக் கொடுக்காது. கீ பெயர்களுக்கு முன்னொட்டு வைத்து, ஸ்கேன் முடிவை முன்னொட்டு வாரியாக எண்ணிப் பாருங்கள். சிறு விவரங்களை ஒரே ஹேஷுக்குள் (பல உறுப்புகளை ஒரே கீயில் வைக்கும் தரவு வகை) சேர்த்தால் இடம் நன்றாக மிச்சமாகும்: இயல்பு அமைப்பில் 512 உறுப்பு வரையும் ஒவ்வொன்றும் 64 பைட் வரையும் ரெடிஸ் நெருக்கி அடுக்கி வைக்கும். ஒரு மதிப்பு 65 பைட் ஆனாலும் அந்த ஹேஷ் முழுவதும் பெரிய வடிவத்துக்கு மாறிவிடும்.

தரவு ஏறாமல் மெமரி ஏறினால்

'க்ளையன்ட் லிஸ்ட்' கொடுத்து ஓமெம் என்ற பத்தியைப் பாருங்கள். பதிலை வாங்காமல் தேங்கவிட்ட இணைப்புகளின் கணக்கு அது. சர்வருக்கு வரும் எல்லாக் கட்டளைகளையும் காட்டும் மானிட்டர் கட்டளையைத் திறந்துவிட்டு மறந்தவர், பெரிய பட்டியலை மொத்தமாகக் கேட்டவர், வரைபடத் திரையைத் திறந்து வைத்துவிட்டு இணைப்பு அறுந்தவர் எல்லாம் இங்கே தெரிவார்கள். பப்சப் (செய்திகளுக்குச் சந்தா வைத்துக் காத்திருக்கும்) இணைப்புக்கு இயல்பு வரம்பு 32 எம்.பி., அல்லது 60 நொடி தொடர்ந்து 8 எம்.பி.; தாண்டினால் ரெடிஸ் துண்டித்துவிடும். சாதாரண இணைப்புக்கு அப்படி வரம்பே இல்லை. 7.0 முதல் 'மேக்ஸ்மெமரி-க்ளையன்ட்ஸ்' வந்திருக்கிறது. 5 சதவீதம் என்று வைத்தால் எல்லா இணைப்புக்கும் சேர்த்து ஒரு கூரை கிடைக்கும்.

யூஸ்டு மெமரி குறைந்தும் ஆர்.எஸ்.எஸ். குறையாமல் நிற்பது இன்னொரு வகை. துறைமுக யார்டில் இருபதடி இடம் அங்கங்கே காலியாக இருந்தும் நாற்பதடிப் பெட்டியை இறக்க முடியாமல் போவது போன்றது இது. சிறு கீகள் அழிந்த இடங்கள் பக்கங்களுக்குள் (லினக்ஸ் ரேமைப் பிரித்துக் கொடுக்கும் துண்டுகள்) சிதறிக் கிடக்கும். ஒரு பக்கம் முழுதும் காலியானால்தான் லினக்ஸுக்குத் திரும்பும். ஆர்.எஸ்.எஸ்.ஸை யூஸ்டு மெமரியால் வகுத்த எண் 'மெம் ஃப்ராக்மென்டேஷன் ரேஷியோ'. 1.5ஐத் தாண்டி நீடித்தால் 'ஆக்டிவ்டீஃப்ராக்' அமைப்பை இயக்குங்கள், ரெடிஸ் ஓடும்போதே அடுக்கிச் சீராக்கும். நிறையத் தரவை அழித்த மறுநிமிடம் இந்த எண் ஏறுவது இயல்பு. அந்த இடத்தைப் புதிய தரவு பயன்படுத்திக்கொள்ளும். சில எம்.பி. மட்டுமே உள்ள சர்வரில் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 1க்குக் கீழே போனால் மட்டும் உடனே எழுந்திருங்கள்: தரவின் ஒரு பகுதி ஸ்வாப்பில், டிஸ்க்கில் கிடக்கிறது.

டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்போது ரெடிஸ் தன்னையே இரண்டாகப் பிரித்து, குழந்தை ப்ராசஸிடம் அந்த வேலையைக் கொடுக்கும். தொடக்கத்தில் இரண்டும் ஒரே ரேமைப் பகிரும். நகல் எடுக்கும் நேரத்தில் எழுதப்படும் பக்கங்கள் மட்டும் இரட்டிப்பாகும். எழுத்து அதிகமுள்ள நம் ட்ரெய்லர் சர்வரில் அது கணிசம். 8 ஜி.பி. மெஷினில் மேக்ஸ்மெமரியை 7 வைக்காமல் 5 வைக்கச் சொல்வது அதற்குத்தான். லினக்ஸில் வி.எம். ஓவர்கமிட் மெமரியை 1 ஆக்குங்கள், ட்ரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜஸை அணையுங்கள். பின்னது இயங்கினால் 4 கே.பி.க்குப் பதில் 2 எம்.பி. அளவில் பிரதி எடுபடும். குழந்தை பிறக்கவே ரேம் கிடைக்காமல் நகல் தோற்றால், இயல்பு அமைப்பில் ரெடிஸ் 'மிஸ்கான்ஃப்' பிழையோடு எழுத்தை நிறுத்தும். மெமரி வரம்பு தாண்டியதாக எண்ணி மேக்ஸ்மெமரியை உயர்த்தினால் நிலைமை மோசமாகும்.

எரிகிற நேரத்தில்

முதலில் 'இன்ஃபோ', 'க்ளையன்ட் லிஸ்ட்' இரண்டின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு காரணம் தேட அதுதான் சாட்சி. மெஷினில் உண்மையாகவே இடமிருந்தால் 'கான்ஃபிக் செட் மேக்ஸ்மெமரி' கொண்டு சிறிது உயர்த்தி நேரம் வாங்குங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை, ஆனால் 'கான்ஃபிக் ரீரைட்' கொடுக்காவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய எண் திரும்பிவிடும். ஓமெம் வீங்கிய இணைப்பை 'க்ளையன்ட் கில்' கொண்டு துண்டியுங்கள். தேவையில்லாத பெரிய கீயை டெல் கொண்டு அழிக்காதீர்கள், அது முடியும் வரை சர்வர் உறையும். அன்லிங்க் கொடுத்தால் பின்னணியில் கழியும். நீண்ட பட்டியலை வெட்டும்போது பத்தாயிரம் பத்தாயிரமாக வெட்டுங்கள்.

ரெடிஸை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். நகல் இருந்தால் அதே தரவு அப்படியே திரும்ப ஏறும், ஏறி முடியும் வரை சேவை இருக்காது. நகல் இல்லாவிட்டால் அனுப்பாத எஸ்.எம்.எஸ். எல்லாம் போய்விடும். பதற்றத்தில் பாலிசியை ஆல்கீஸ்-எல்.ஆர்.யூ.வுக்கு மாற்றினாலும் அதே இழப்புதான்.

அடங்கிய பிறகு எச்சரிக்கைகளைத் திருத்துங்கள். கிடங்குக்கு 75 சதவீதத்தில் பகல் நேரச் செய்தி, 90இல் ஆளை எழுப்பும் அழைப்பு. இரண்டும் ஐந்து நிமிடம் நீடித்தால் மட்டும். சதவீதத்தைவிட நல்லது ப்ராமிதியஸின் 'ப்ரெடிக்ட் லீனியர்' கணிப்பு: இதே வேகத்தில் போனால் நான்கு மணி நேரத்தில் நிரம்புமா என்று அது கேட்கும். ரெப்ளிக்காவுக்குத் தனி விதி வேண்டும், ஏனென்றால் 5.0 முதல் ரெப்ளிக்கா இயல்பாக மேக்ஸ்மெமரியைப் பொருட்படுத்துவதில்லை, அங்கே ஆர்.எஸ்.எஸ்.ஸை மெஷினின் ரேமோடு ஒப்பிடுங்கள்.